நான் ஒப்படைத்த பட்டியல்

பாரிசின் லா சப்பலில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் மேல்மாடியில், பதினொரு வருடம் நான் ஒரு நாட்டைப் பார்த்துக்கொண்டேன். என்னுடைய நாட்டை அல்ல. ஆபிரிக்காவில், நான் ஒருநாளும் கால் வைக்காத ஒரு நாட்டை. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இன்னும் ஒன்றிரண்டு பேருக்கு ஆபத்து. ஏற்கெனவே செய்தது போதும்.

நாட்டைப் பார்த்துக்கொண்டேன் என்றால் சிரிப்பு வரும். கீழே கடையில் வெண்டிக்காய் நிறுக்கிற அண்ணைக்கும் வந்தது. நான் காலையில் படியேறும்போது, “ஜனாதிபதி வாறார், வழி விடுங்கோ” என்று கடைக்குள் நிற்கிறவர்களுக்குச் சொல்லுவார். விஷயம் இதுதான். இணைய முகவரிகளின் கடைசியில் ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்து உண்டு. இலங்கைக்கு எல்கே, பிரான்சுக்கு எஃப்ஆர். அந்த இரண்டெழுத்துக்கு முன்னால் எந்தப் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் அந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கணினி பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் எங்கேயாவது இருக்க வேண்டும். பட்டியல் நின்றால் அந்த நாட்டின் வங்கி, பத்திரிகை, பல்கலைக்கழகம் எதுவும் உலகத்தின் கண்ணில் படாது. மற்ற நாடுகளில் இதற்குக் கந்தோரும் காவலாளியும் இருக்கும். இந்த நாட்டுக்கு இருந்தது எங்கள் மாடியறை. யன்னலுக்கு நேரே பாலத்தின்மேல் இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் போகும். அது போய் முடியும்வரை தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்போம்.

அந்தப் பட்டியலை வைத்திருந்தவர், அந்த நாட்டிலிருந்து மாணவராக வந்து பாரிசிலேயே தங்கிவிட்ட ஒரு பொறியியலாளர். முதலாளி என்று சொல்கிறேன், ஆனால் முதலாளியாக நடக்கத் தெரியாத மனிதர். இணையம் என்ற சொல்லையே பலர் கேட்டிராத காலத்தில், எல்லா நாடுகளின் எழுத்துகளும் அடங்கிய தாய்ப்பட்டியலை அமெரிக்காவில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, என் நாட்டின் எழுத்தை எனக்குத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். கொடுத்துவிட்டார்கள். அப்போது அவருடைய அரசாங்கத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரியவந்தபோது ஆட்சி கவிழ்ந்திருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வோர் ஆட்சியும் அந்த எழுத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதியது. இவர் பதில் எழுதி முடிப்பதற்குள் கடிதம் எழுதிய அமைச்சர் சிறையில் இருப்பார், இல்லையென்றால் பாரிசில் இருப்பார்.

அதை அந்த நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரு நாட்டின் பெயர் பலசரக்குக் கடைக்கு மேலே இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு நல்ல அரசாங்கம் வரட்டும் என்பார். அவர் கண்ணுக்கு எதுவுமே நல்லதாகத் தெரியவில்லை. கடைசியில் அது இருந்ததிலேயே மோசமான கைக்குத்தான் போனது.

நான் அந்த அறைக்குப் போனது தற்செயல். அதே தெருவில் ஒரு தொலைபேசிக் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட படிப்பை இங்கே மாலை வகுப்புகளில் ஒருவாறு முடித்து, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற வேலை கற்றிருந்தேன். முதலாளி கீழ்க்கடைக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்க வந்தபோது, மேலே கணினி ஒன்று நின்றுவிட்டது, யாராவது தெரிந்தவர்கள் உண்டா என்று அண்ணையிடம் கேட்டார். அண்ணை என்னைக் கூப்பிட்டுவிட்டார். ஒரு மணித்தியால வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

போன முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாட்டின் பெயர்களுக்கு உரிமையாளர்கள் யார் என்பதை அந்த மனிதர் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒரு பெயருக்கு நேரே, ‘அண்ணனுடன் படித்தவர்’ என்று இருந்தது. இன்னொன்றுக்கு நேரே, ‘மருந்துக்கடைக்காரரின் மருமகன், உயரமானவர்’. பலவற்றுக்கு நேரே ஒன்றும் இல்லை. கேட்டால், எனக்குத் தெரியும், எல்லாரையும் தெரியும் என்று தலையைத் தொட்டுக் காட்டினார். நீங்கள் மெத்ரோவில் அடிபட்டால் நாட்டுக்கு என்ன கதி என்று கேட்டேன். சிரித்தார். ஒழுங்கு செய்ய எனக்கு விட்டுவிட்டார்.

எனக்குப் பத்திரம் என்றால் உயிர். அதற்குக் காரணம் உண்டு. இங்கே வந்து அகதியாகப் பதிந்தபோது என் முதல் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். நான் சொன்னது பொய் என்று அவர்கள் எழுதவில்லை. ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். இரண்டாம் தரம் எங்கள் ஊர்ச் சமாதான நீதவான் ஒருவர், இந்தப் பெடியனைத் தேடி வீட்டுக்கு வந்தது உண்மை என்று எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி அனுப்பினார். அவருடைய வீட்டுச் சந்தியில் இராணுவம் நின்ற காலம் அது. அந்த ஒற்றைத் தாளால்தான் எனக்கு இந்த நாட்டின் வதிவிட அட்டை, காட், கிடைத்தது. அன்றிலிருந்து நான் ஒரு தாளையும் எறிந்ததில்லை. புறநகரான கார்ஜ் லே கொனெஸில் எங்கள் வீட்டு அலுமாரியில் உடுப்பை விடக் கோவைகள் அதிகம். என் மனைவி மன்னார்க்காரி, கத்தோலிக்க வேதக்காரி. “உங்களிட்டைக் கடவுளே வந்தாலும் காட் கொப்பி கேப்பியள்” என்று சொல்லுவாள்.

கேட்டேன்தான். அந்த நாட்டில் ஒரு பெயரைப் பதிய வேண்டுமென்றால் அடையாள அட்டையின் பிரதி, குடியிருக்கும் வீட்டின் முகவரி, தொலைபேசி இலக்கம் எல்லாம் வேண்டும் என்று விதி செய்தேன். பழையவர்களுக்கும் எழுதி ஒவ்வொன்றாக வாங்கினேன். இரண்டு வருடம் பிடித்தது. அதோடு நிற்கவில்லை. மாற்றப் பதிவேடு என்று ஒன்றையும் அமைத்தேன். யாருடைய விவரத்தில் எதை மாற்றினாலும், முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன, எப்போது, யார் கேட்டு மாற்றியது என்று கணினி தானாகவே அதில் எழுதிக்கொள்ளும். நாளைக்கு ஒருவர் வந்து இது என் பெயர் என்று சண்டை பிடித்தால், நேற்று அது யாரிடம் இருந்தது என்று காட்ட வேண்டும் அல்லவா? முதலாளி அதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஜனாதிபதியைப் பற்றிக்கூட நாட்டில் இவ்வளவு விவரம் இல்லை என்றார்.

பட்டியல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இராணுவம் பட்டியல் எடுத்தது. குடும்பப் படம் எடுத்து, ஆட்களின் பெயரை எழுதி வைத்திருக்க வேண்டும். வந்து தலையை எண்ணுவார்கள். ஒரு தலை குறைந்தால் அது எங்கே என்று அப்பாவைக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் குறைந்த தலை என்னுடையது. இதெல்லாம் தெரிந்தவன்தான் இன்னொரு நாட்டு மனிதர்களின் வீட்டு முகவரிகளைத் தேடித் தேடிச் சேர்த்தேன். ஊரில் பட்டியல் எடுத்தது அவர்கள், இங்கே எடுப்பது நான், நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன சொல்ல.

அந்த நாட்டின் தலைநகரத்தில் ஓர் உயர்பாடசாலை ஆசிரியை இருந்தார். ஒருநாள் ஒரு பெயர் கேட்டு எழுதினார். அவர்களுடைய மொழியில் ‘எங்கே’ என்று பொருள்படும் சொல். வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் படங்களையும், கொண்டுபோன நாளையும், வாகனத்தின் நிறத்தையும் அந்தப் பெயரில் வெளியிடப்போவதாகச் சொன்னார். முதல் படம் அவருடைய கணவருடையது. எந்த ஆட்சி கொண்டுபோனது என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லா ஆட்சியும் கொண்டுபோயிருந்தது.

படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது, வீட்டு முகவரியைத் தவிர. அந்த இடத்தில் பாடசாலையின் முகவரியை எழுதியிருந்தார். நான் திருப்பி அனுப்பினேன். கட்டாயமா என்று ஒரே ஒரு வரியில் கேட்டார். கட்டாயம், பொய்யான முகவரி என்று பின்னால் தெரியவந்தால் பெயர் ரத்தாகும் என்று பதில் எழுதினேன். மூன்று நாள் கழித்து வீட்டு முகவரி வந்தது. படிவம் முழுமையானதில் எனக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பிறகு அவர் இடைக்கிடை தொலைபேசி எடுப்பார். பக்கம் திறக்கவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஏதாவது இருக்கும். என்னை ‘பாரிஸ் ஐயா’ என்று கூப்பிடுவார். ஒருமுறை, உங்கள் நாட்டிலும் இப்படிப் பட்டியல் உண்டா என்று கேட்டார். உண்டு, உங்களுடையதை விட நீளம் என்றேன். பிறகு அவர், பாரிசில் இப்போது மழையா என்று கேட்டார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை நான் படியேறியபோது முதலாளி எனக்கு முன்னமே வந்து மேலங்கியோடு நின்றுகொண்டிருந்தார். அவருடைய நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. வானொலியையும் விமான நிலையத்தையும் எடுத்துக்கொண்டு, நாடு முழுவதும் இணையத்தையும் தொலைபேசியையும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்துப் பார்த்தார், தங்கைக்கு எடுத்துப் பார்த்தார், ஒரு இணைப்பும் கிடைக்கவில்லை. ஆனால் பட்டியல் பாரிசில் அல்லவா இருந்தது? நாடு இருட்டில் கிடக்க, அந்த இரண்டெழுத்து மட்டும் உலகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆசிரியையின் பக்கமும் வெளிநாட்டில் ஒரு கணினியில் இருந்ததால் திறந்தது. எல்லாவற்றையும் பிடித்தார்கள், இதைப் பிடிக்கவில்லை என்று முதலாளி சொன்னார். அன்றைக்கு அவர் முகத்தில் கண்ட சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. தொடர்பாடல் அமைச்சர் இப்போது ஓர் இராணுவக் கேணல். தாய்நாட்டின் சொத்தைத் தாய்நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன் ‘எங்கே’ என்ற பெயரைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று இரண்டு கோரிக்கை. முதலாளி இரண்டுக்கும் முடியாது என்று ஒரே வரியில் பதில் போட்டார். நானும் பக்கத்தில் நின்று, சரியாகச் சொன்னீர்கள் என்றேன். ஆழம் தெரியாமல் இரண்டு பேரும் காலை விட்டோம்.

பன்னிரண்டாம் நாள் முதலாளியின் அண்ணனைக் கொண்டுபோனார்கள். இளைப்பாறிய மருந்தாளர், எழுபது வயதைக் கடந்தவர், நீரிழிவுக்காரர். தொலைபேசி இணைப்புத் திரும்பிய அன்றே தங்கை அழுதுகொண்டு எடுத்தார். எழுத்து வந்தால் ஆள் வருவார் என்று வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

தாய்ப்பட்டியலில் ஒவ்வொரு நாட்டுக்கும் நேரே இரண்டு பேருடைய பெயர் இருக்கும். ஒருவர் நிர்வாகப் பொறுப்பாளர், மற்றவர் தொழில்நுட்பப் பொறுப்பாளர். நாடு கைமாற வேண்டுமென்றால் இருவரிடமும் தனித்தனியாகச் சம்மதம் கேட்பார்கள். முதலாவது பெயர் முதலாளியுடையது. இரண்டாவது என்னுடையது. என்னைக் கெஞ்ச வேண்டும் என்று நினைத்துக்கொண்டு முதலாளி என் முன்னால் கதிரையில் வந்து இருந்தார். நான் அவரைக் கெஞ்சவிடவில்லை. சம்மதம் என்று எழுதி அவர் கண் முன்னாலேயே அனுப்பினேன். ஒரு மனிதனின் உயிருக்கு முன்னால் இரண்டெழுத்து என்ன பெரிது? அதற்காக நான் இன்றைக்கும் வருத்தப்படவில்லை.

வருத்தம் அதற்கு அடுத்ததில். கேணலின் ஆட்கள் எழுத்தை மட்டும் கேட்கவில்லை. பதிவுகள் அனைத்தும் என்று கேட்டிருந்தார்கள். முதலாளி என்னிடம் சொன்னார்: “முகவரிகளைக் கொடுக்க வேண்டாம். தொலைந்துபோய்விட்டது என்று சொல்வோம். என் பழைய கொப்பியைக் கொடுப்போம்.”

நான் மாட்டேன் என்றேன். பதினொரு வருடம் கணினியில் வேலை செய்தவர்களிடம் முகவரி இல்லை என்றால் யார் நம்புவார்கள், ஒளிக்கிறோம் என்று நினைத்து உங்கள் அண்ணனை இன்னும் வதைப்பார்கள் என்றேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். அந்தக் கோவையை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கட்டமும் வெறுமையாக இல்லாத பட்டியல் அது. என் வாழ்க்கையில் நான் முழுதாகச் செய்து முடித்த ஒரே வேலை. முதலாளி என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினார். அவருக்கு அப்போது அண்ணனைத் தவிர வேறு ஒன்றும் மனதில் இல்லை.

அந்தக் கிழமையில் ஆசிரியை தொலைபேசி எடுத்தார். குரல் தாழ்ந்திருந்தது. எழுத்தைக் கொடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், என் வீட்டு முகவரி உங்களிடம் இருக்கிறது என்றார். அழித்துவிடுகிறேன் என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டு அவருடைய பதிவைத் திறந்து வீட்டு முகவரியை நீக்கினேன், தொலைபேசி இலக்கத்தை நீக்கினேன், அட்டையின் பிரதியை நீக்கினேன். உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய பெயரையும் மாற்றி வேறு ஏதோ எழுதினேன். பிறகு நானே அவருக்கு எடுத்து, அழித்தாயிற்று, பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். அவர் பலமுறை நன்றி சொன்னார். என் பிள்ளைகளைக் கடவுள் காப்பாற்ற வேண்டும் என்றார். அன்று பின்னேரம் ரயிலில் வீடு போகும்போது, ஒரு நல்ல காரியம் செய்தேன் என்ற நினைப்பில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் எல்லாவற்றையும் அனுப்பினோம். அந்தப் பக்கத்தில் ஓர் இளம் பொறியியலாளர் பொறுப்பெடுத்தார். மிகவும் மரியாதையான ஆள். பெற்றுக்கொண்டோம் என்று சொல்ல எடுத்தவர், இவ்வளவு ஒழுங்கான பதிவுகளை நான் எங்கேயும் கண்டதில்லை ஐயா என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு உச்சி குளிர்ந்தது.

அண்ணனை அடுத்த செவ்வாய் விட்டார்கள். ஒரு கால் வீங்கியிருந்தது, மற்றபடி உயிரோடு வந்தார். முதலாளி என் தோளில் தலையை வைத்து அழுதார். கீழ்க்கடை அண்ணை சமோசா கொடுத்தனுப்பினார்.

பத்தாம் நாள் ‘எங்கே’ என்ற பெயர் திறக்கவில்லை. அது எதிர்பார்த்ததுதான், பட்டியல் அவர்கள் கையில். ஆசிரியைக்கு எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தேன். மூன்றாம் நாள் மணியும் அடிக்கவில்லை. அதே நாட்களில் அங்கே இரண்டு பத்திரிகையாளர்களையும் பிடித்ததாகச் செய்தியில் வந்தது. அவர்கள் பெயரும் என் பட்டியலில் இருந்தவைதான். முகவரியை என் பட்டியலிலிருந்து எடுத்தார்களா, வேறு வழியில் பிடித்தார்களா என்று எனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை.

நாங்கள் அனுப்பியதன் பிரதி ஒன்று என்னிடம் இருந்தது. இருக்காமல் விடுமா? அதைத் திறந்து ஆசிரியையின் பதிவைத் தேடினேன். முகவரி வெறுமையாக இருந்தது, இலக்கம் வெறுமையாக இருந்தது. பெருமூச்சு விட்டேன். அழித்தது எந்த நாள் என்று பார்ப்போம் என்று, பழக்கதோஷத்தில், மாற்றப் பதிவேட்டைத் திறந்தேன். அதையும் சேர்த்துத்தான் அனுப்பியிருந்தேன். அனைத்தும் என்றல்லவா கேட்டார்கள்.

அதன் கடைசி வரிகள் அவருடையவை. முன்பு இருந்த பெயர். முன்பு இருந்த வீட்டு முகவரி, தெரு, இலக்கம், மாடி. முன்பு இருந்த தொலைபேசி. இப்போது: வெறுமை. மாற்றியது: நான். கேட்டவர்: உரிமையாளர், தொலைபேசி மூலம். ‘எங்கே’ என்ற பெயருக்கு நேரே வெறுமையைக் கண்டு நின்றிருக்க வேண்டியவர்களுக்கு, ஒப்படைப்பதற்கு மூன்று நாள் முன்பு அவசரமாக அழிக்கப்பட்ட ஒரே முகவரி இதுதான் என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பதிவேட்டை மட்டும் அனுப்பாமல் விட்டிருந்தால் அவர்கள் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது நானாக இருந்திருந்தால் அந்தப் பழமொழியோடு ஆறிப்போயிருப்பேன்.

முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த மாதக் கடைசியில் அறையை விட்டுவிட்டோம். இப்போது அங்கே சேலைச் சட்டை தைக்கிறார்கள். நான் இன்னொரு புறநகரான ஓல்னே-சூ-புவாவில் ஒரு பாடசாலையில் கணினிகளைப் பார்க்கிறேன். அங்கே யாருடைய முகவரியும் என்னிடம் இல்லை.

தெரிந்த இடமெல்லாம் எழுதினேன். காணாமற்போனவர்களுக்காகப் பேசுகிற அமைப்புகளுக்கு, அங்கிருந்து வந்திருக்கிற மனிதர்களுக்கு. ஆசிரியையை ஒரு வெள்ளை வாகனத்தில் கொண்டுபோனதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை.

போன இலையுதிர்காலத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு பெண் எடுத்தார். ஆசிரியையின் தங்கை. பாரிசுக்கு வந்து அகதியாகப் பதிந்திருக்கிறார். அக்காவின் பழைய தொலைபேசியில் ‘பாரிஸ் ஐயா’ என்று என் இலக்கம் இருந்ததாம். சந்திக்க வேண்டும் என்றார். லா சப்பலில் மெத்ரோ படிக்கு எதிரே இருக்கும் தேநீர்க் கடைக்கு வரச் சொன்னேன். முப்பது வயதிருக்கும், மெலிந்த பெண். தேநீரில் கை வைக்கவில்லை.

அவருடைய வழக்கில் ஒரே ஒரு இடைவெளி இருந்தது. அக்காவைக் கொண்டுபோனது உண்மை என்று இங்குள்ள பிரெஞ்சு அதிகாரிகள் ஒத்துக்கொள்கிறார்கள். அந்த இணையப் பக்கத்துக்காகத்தான் கொண்டுபோனார்கள் என்பதற்கு, அதே வீட்டில் இருந்த தங்கைக்கும் ஆபத்து என்பதற்கு, ஆதாரம் இல்லை. பக்கம் அக்காவுடையது என்பதும், அந்த வீட்டு முகவரி இராணுவத்துக்குப் போனது என்பதும் தெரிந்த யாராவது எழுதித்தர வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். முதலாளியைப் பற்றி விசாரித்தார். அவர்தான் கொடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது பேச்சில் தெரிந்தது.

பிறகு, நான் கேட்காமலே, அந்தக் கிழமையைப் பற்றிச் சொன்னார். அக்கா பெட்டி கட்டிவிட்டிருந்தாராம். எல்லை ஓரத்தில் ஒரு மாமி வீட்டுக்குப் போவதாக இருந்திருக்கிறார்கள். “பாரிஸிலிருந்து நீங்கள் எடுத்தீர்கள். அழித்தாயிற்று என்று சொன்னீர்கள். அக்கா பெட்டியை அவிழ்த்துவிட்டு அன்றைக்குச் சமைத்தார்” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. எழுதித் தருகிறேன், இரண்டு நாள் தாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

முதலாளிக்குச் சொன்னேன். எழுத வேண்டாம் என்று மன்றாடினார். அண்ணன் இன்னும் அங்கே இருக்கிறார், கடிதம் எப்படியோ வெளியே போனால் மறுபடி வருவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இத்தனை காலமாக நான் வாய் திறந்து முழுதாகச் சொல்லாத கதையை அன்றைக்குத்தான் சொல்லி முடித்தேன். அவள் கையிலிருந்த துவாயை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு எழுதுறதுக்கு வேறை ஆரும் இருக்கினமே?” என்றாள்.

இல்லை என்றேன்.

“பின்னை என்னப்பா யோசிக்கிறியள்? சந்தியிலை ஆமி நிக்கேக்கை உங்களுக்கு ஒரு மனுசன் எழுதித் தந்தவரெல்லே. முதலாளியின்ரை பேரைப் போடாதேங்கோ. உங்கடை பேரிலை எழுதுங்கோ.”

அப்படியே எழுதினேன். ஒப்படைத்தவன் நான் என்று. வீட்டு முகவரியைக் கட்டாயப்படுத்தி வாங்கியது, அவர் கேட்டு அழித்தது, அழித்தது பதிவேட்டில் விழுந்தது, அந்தப் பதிவேட்டை என் கையால் அனுப்பியது, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, எல்லாவற்றையும் நாள் முறைப்படி எழுதினேன். முதலாளியை ஒரு சொல்லிலும் கொண்டுவரவில்லை. ஒரு பக்கத்துக்கு என்று தொடங்கியது இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

அதே தேநீர்க் கடை. தங்கை கடிதத்தை வாங்கி ஒரு தரம் வேகமாக வாசித்தார். பிறகு முதலிலிருந்து மெதுவாக வாசித்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அழித்தவரும் நீங்கள். அனுப்பியவரும் நீங்கள்” என்றார்.

ஆம் என்றேன்.

பக்கத்து மேசையில் யாரோ தோசைக்குச் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன், தேநீரை முகத்தில் ஊற்றுவார் என்று நினைத்தேன். எதையாவது செய்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி மேசையில் வைத்து, அதன் அடியில் விரலை வைத்தார். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. நடந்ததற்காக ஒவ்வொரு நாளும் வருந்துகிறேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று நான் எழுதியிருந்தது.

“இதை எடுத்துவிடுங்கள்” என்றார். “நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார்.”

கடைக்காரரிடம் புதிய தாள் வாங்கி, அவர் முன்னால் இருந்து, முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினேன். அந்த வாக்கியம் இல்லாமல் எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.